மருந்து மாறியதும் அப்பாவுக்கு ஏன் இந்தத் தலைச்சுற்றல்?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 72. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி, அதோடு தினமும் அபிராடிரோன், பிரெட்னிசொலோன் மாத்திரைகள் என்று இரண்டு வருடம் ஓடியது. பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோயின் போக்கைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியதால் மூன்று வாரம் முன்பு என்சலுடமைடுக்கு மாற்றினார்கள். அப்போதிருந்து கடும் சோர்வு, பசியே இல்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். "இந்தப் புது மாத்திரையே வேண்டாம்" என்கிறார். நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். அதே சமயம் அடுத்த ஊசித் தேதி வரை காத்திருக்கவும் வேண்டாம், நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். என்சலுடமைடு சோர்வு தரும் மருந்துதான். ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி வேறு: பிரெட்னிசொலோன் என்ன ஆயிற்று?

அபிராடிரோனோடு அந்த ஸ்டீராய்டு கட்டாயம் சேர்த்துக் கொடுக்கப்படும். என்சலுடமைடுக்கு அது தேவையில்லை. அதனால் மருந்து மாறும் நாளில் இரண்டு மாத்திரையும் ஒன்றாக நின்றுபோவது உண்டு. சிக்கல் அங்கேதான். சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பிதான் உடம்புக்கு வேண்டிய கார்டிசால் என்ற இயற்கை ஸ்டீராய்டைச் சுரக்கிறது. இரண்டு வருடம் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் அது தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். மாத்திரை திடீரென்று நின்றால் உடனே பழையபடி சுரக்காது. எழ முடியாத சோர்வு, பசியின்மை, குமட்டல், நின்றால் தலைச்சுற்றல் எல்லாம் அதனால் வரும். உங்கள் அப்பாவுக்கு இருப்பவையும் கிட்டத்தட்ட இவைதான். காலை 8 மணி வாக்கில் எடுக்கும் கார்டிசால் பரிசோதனை, கூடவே சோடியம், பொட்டாசியம் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அதுதான் காரணம் என்றால் பிரெட்னிசொலோனை மறுபடி தொடங்கி, மெதுவாகக் குறைப்பார்கள். இதற்கிடையில் தொடர் வாந்தி, மயக்கம், காய்ச்சல் வந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போனதும் "இரண்டு வருடம் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்பதை முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் சர்க்கரை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். அதற்கு ஏற்றபடிதான் மாத்திரை அளவும் கூட்டப்பட்டிருக்கும். இப்போது ஸ்டீராய்டு நின்றிருக்கலாம், அவர் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ மட்டும் பழைய அளவிலேயே போனால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். தலை சுற்றும்போது வியர்வையோ கை நடுக்கமோ இருக்கிறதா என்று கவனித்து, அந்த நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

பிரஷரிலும் இதே கதைதான். அபிராடிரோன் ரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். அதைச் சமாளிக்கப் பலருக்குக் கூடுதல் பிரஷர் மாத்திரையும் பொட்டாசியம் சிரப்பும் எழுதியிருப்பார்கள். அபிராடிரோன் நின்ற பிறகும் அவை தேவையா என்று கேளுங்கள். என்சலுடமைடும் பிரஷரை ஏற்றக்கூடியது என்பதால் ஊகத்தில் எதையும் குறைக்க முடியாது. படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை அளந்து எழுதி வையுங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவருக்கு அது முக்கியமான தகவல்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் என்சலுடமைடுதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம். அது மூளைக்குள்ளும் போகும் மருந்து; சோர்வு, தடுமாற்றம், கீழே விழுதல் வயதானவர்களிடம் கூடுதல். உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும் என்பதால் இரண்டு நாள் விட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மருத்துவர் 160 மி.கி. அளவை 120 ஆகவோ 80 ஆகவோ குறைக்க வழி உண்டு. இரவில் போட்டுக்கொள்வது சிலருக்கு ஒத்துக்கொள்கிறது. தலைச்சுற்றல் அடங்கியதும், யாராவது கூட இருக்க, தினம் கொஞ்சம் நடக்க வையுங்கள். இந்தச் சோர்வுக்கு ஓய்வை விட நடைதான் அதிகம் உதவும். பாத்ரூமில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாட்டிவிடுங்கள். விழுந்தால் எலும்பு முறியும் ஆபத்து இவருக்கு அதிகம், ஏனென்றால் ஹார்மோன் ஊசியே எலும்பை மெலிய வைத்திருக்கும்.

முன்பு வலிப்போ பக்கவாதமோ வந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். என்சலுடமைடில் அரிதாக வலிப்பு வரும். எலும்பு வலிக்கு டிரமடால் சாப்பிட்டால் அந்த ஆபத்து கூடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தின் வேலையையும் இது குறைத்துவிடும்.

ஒன்றை மட்டும் எந்த மருந்தின் தலையிலும் போட்டுவிடாதீர்கள். புதிதாகக் கடும் முதுகுவலி, கால்கள் பலமிழப்பது அல்லது மரத்துப்போவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் புற்றுநோய் தண்டுவடத்தை அழுத்துகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். ஒரு நாள் தாமதம்கூட நடக்கும் திறனைப் பறித்துவிடலாம்.

நாளை போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைகளோடு, நிறுத்திய மாத்திரைகளின் அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப்போங்கள். எது எந்தத் தேதியில் நின்றது என்று ஒவ்வொரு அட்டையின் மேலும் பேனாவால் எழுதிவிடுங்கள்.