கடைக்கு ஓடும் முன் ஒரு கேள்வி

இந்த மாதம் பர்மாவின் பல ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கதைதான். ஏதோ ஒன்று சரியாக வரவில்லை, போன் கடையில் காட்டினோம், 'மெஷின் பழசாகிவிட்டது, மாற்றிவிடுங்கள்' என்றார்கள், இப்போது என்ன செய்ய? மாற்ற வேண்டாம் என்றுதான் கீழே பல இடத்தில் எழுதியிருக்கிறேன். கடை வைத்திருக்கும் அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கோயில் திருவிழா நோட்டீஸை என் கம்ப்யூட்டரில் பாமினி எழுத்தில் அடித்து ரங்கூன் அச்சகத்துக்கு அனுப்பினேன். அங்கே திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தாகச் சிதறிக் கிடக்கிறதாம். அது போதாதென்று என் வீட்டுக்காரர் பழைய போனிலிருந்து அனுப்பும் பர்மிய மெசேஜும் எல்லோருக்கும் உடைந்து உடைந்து தெரிகிறது. வைரஸா ஐயா? போனை மாற்றச் சொல்கிறார்கள்.
– தமிழ் வகுப்பு ஆசிரியை, மோல்மேன்

வைரஸ் இல்லை டீச்சர். இரண்டுக்கும் ஒரே வியாதிதான். கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே பட்டியலை வைத்திருந்தால்தான் கதை நடக்கும்.

பாமினியில் நீங்கள் 'தமிழ்' என்று அடிக்கும்போது ஃபைலுக்குள் போய் உட்காருவது என்ன தெரியுமா? ஆங்கில ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. அவ்வளவுதான். ஜே இருக்கும் இடத்தில் 'த' படத்தையும் கே இருக்கும் இடத்தில் 'ம' படத்தையும் காட்டு என்று அந்த ஃபான்ட் சொல்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் ஃபான்ட் இருப்பதால் தமிழ் தெரிகிறது, அச்சகத்தில் அது இல்லாததால் உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிந்துவிட்டது. அவர்கள் மேல் தப்பே இல்லை.

அவசரம் என்றால் ஃபைலை பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், ஃபான்டும் கூடவே போய்விடும், அவர்கள் அப்படியே அச்சடிக்கலாம். ஆனால் அடுத்த வருஷமும் இதே நோட்டீஸைத் திருத்தி அடிக்கப் போகிறீர்கள் என்றால் இப்போதே யூனிகோடுக்கு, அதாவது உலகம் முழுக்கப் பொதுவான எழுத்துப் பட்டியலுக்கு, மாற்றிவிடுவது நல்லது. என்.எச்.எம். கன்வர்ட்டர் மாதிரி இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: நோட்டீஸில் நடுவே ஆங்கிலத்தில் மின்னஞ்சல் முகவரியோ தெருப் பெயரோ இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கி வைக்கும், படித்தால் சிரிப்பு வரும், நன்கொடை அனுப்புகிறவருக்கு வராது. அந்த வரிகளை மட்டும் கையால் திருப்பி அடியுங்கள்.

இனி வீட்டுக்காரர் போன். அது இதைவிடச் சிக்கலானது, ஏனென்றால் பழைய போன்களில் பர்மிய எழுத்தைக் காட்டும் ஜோஜி என்ற ஃபான்ட் ஆங்கில எழுத்துகளின் இடத்தைப் பிடிக்கவில்லை. யூனிகோடில் பர்மிய எழுத்து 1999-ல் சேர்ந்தது. ஜோஜி அதற்கு ஒதுக்கிய அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, உள்ளே எல்லாவற்றையும் தன் இஷ்டத்துக்கு அடுக்கிவிட்டது. ஷான், மோன், கரேன் மொழிகளின் எழுத்துகளுக்காக விட்டிருந்த எண்களிலும் பர்மிய எழுத்தின் குட்டை வடிவம், நெட்டை வடிவம் என்று போட்டு நிரப்பியது. மோன் மாநிலத்துக்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜோஜி போட்ட போனில் மோன் மொழி எழுதுகிறவர்கள் பட்ட பாடு. அப்புறம் வரிசை. எழுத்துக்கு இடப்பக்கம் வரும் உயிர்க்குறியை ஜோஜி கண்ணுக்குத் தெரிகிறபடி முதலிலேயே பதிந்துவைக்கும், யூனிகோடு மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் வைக்கும். நீங்களும் பாமினியில் 'கெ' அடிக்கும்போது கொம்பை முதலில் அடிப்பீர்கள் இல்லையா, அதே கதை. ஆகவே இரண்டு போனும் 'பர்மிய எழுத்துதான் வருகிறது' என்று நம்பிக்கொண்டு வேறு வேறு விதமாகப் படிக்கின்றன.

இது இவ்வளவு பரவியதற்குக் காரணம் நம் ஊர் போனுக்கு வந்த வேகம். 2014-ல் டெலினார், ஊரிடூ என்ற வெளிநாட்டு போன் கம்பெனிகள் வந்து சிம் 1,500 கியாட்டுக்குக் கிடைக்கத் தொடங்கியதும், கம்ப்யூட்டரையே பார்க்காதவர்கள் கையில் நேராக ஸ்மார்ட்போன் வந்துவிட்டது, கடையில் எதைப் போட்டுக் கொடுத்தார்களோ அதுதான் பர்மிய எழுத்து என்று ஆனது. போட்டுக் கொடுத்தது ஜோஜி. கடைசியில் 2019 அக்டோபர் 1-ல்தான் நாடு முறைப்படி யூனிகோடுக்கு மாறியது. அதே வருஷம் ஃபேஸ்புக் தானாகவே மாற்றிக்காட்டும் வசதியைக் கொண்டுவந்ததால் பலருக்கு ஜோஜி போனிலேயே வண்டி ஓடியது, மற்ற இடங்களில் மாட்டிக்கொண்டார்கள்.

போனை மாற்றும் முன் செட்டிங்ஸில் மொழிப் பக்கத்தைப் பாருங்கள். அந்தக் காலத்துப் போன்கள் பலவற்றில் பர்மிய மொழிக்கு ஜோஜி, யூனிகோடு என்று இரண்டு வரி இருக்கும், யூனிகோடைத் தொடுங்கள். கீபோர்டையும் மாற்ற வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கூகுளின் ஜிபோர்டில் பர்மிய மொழியைச் சேர்த்தால் அது யூனிகோடில்தான் அடிக்கும். மாற்றிய பிறகு பழைய மெசேஜ்கள் உங்கள் திரையில் உடைந்து தெரியும், பயப்படாதீர்கள், அவை ஜோஜியில் எழுதியவை. யூனிகோடே இல்லாத அளவுக்குப் பழைய ஆண்ட்ராய்டு என்றால் மட்டும் கடைக்காரர் சொன்னது சரி.

கரண்ட் போகும் நேரத்துக்கென்று 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் வாங்கினேன். என் போன் பேட்டரி 5,000. கணக்குப்படி இரண்டு முறை ஏற வேண்டும். ஒன்றரை முறைகூடத் தாண்டவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?
– கல்லூரி மாணவர், சிரியம்

அநேகமாக இல்லை தம்பி, கணக்கைத்தான் அரைகுறையாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த 10,000 உள்ளே இருக்கும் செல்லின் அளவு, செல் 3.7 வோல்ட். பெருக்கினால் 37 வாட் அவர் (வாட்-மணி, உள்ளே அடங்கும் மொத்த மின்சக்தி). வெளியே யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட், அந்தக் கணக்கில் அதே 37 வாட் அவர் 7,400 எம்ஏஎச்தான். வோல்ட்டை ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும், போன் வாங்கிக்கொள்ளும்போது இன்னும் கொஞ்சம் போகும். ஒன்றரை முறை ஏறினால் நல்ல பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'ரேட்டட் கப்பாசிட்டி' என்று 6,000 சொச்சம் போட்டிருப்பார்கள், அதுதான் நம்ப வேண்டிய எண். உண்மையான 10,000 கையில் 200 கிராம் பக்கம் கனக்கும். அதே கனத்தில் '50,000' என்று ஒட்டிக் கொடுத்தால் அங்கிருந்து நடையைக் கட்டுங்கள்.

வைஃபை ரவுட்டரையும் இதில் ஓட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஓட்டலாம். ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்று இருந்தால் அதிகபட்சம் 12 வாட், நடைமுறையில் அதற்கும் குறைவாகவே இழுக்கும். 5 வோல்ட்டை 12 ஆக்கும் வயர் தனியாகக் கிடைக்கிறது, உங்கள் பவர்பேங்கில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். அடாப்டரில் 9 வோல்ட் என்று இருந்தால் அந்த வயரைக் குத்தாதீர்கள், ரவுட்டர் போய்விடும். ஆனால் கரண்ட் முறை வைத்து வருகிற தெருவில் ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பது பெரிய தொல்லை. காசு இருந்தால் ரவுட்டருக்கென்றே வரும் சின்ன யூபிஎஸ் வாங்கி நடுவில் மாட்டிவிட்டு மறந்துவிடலாம். பவர்பேங்கோடு விமானம் ஏறுவதென்றால் அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், 100 வாட் அவருக்குள், அதாவது ஏறக்குறைய 27,000 எம்ஏஎச் வரை.

ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் வாங்கினோம். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் ஏதோ சொல்கிறாள். பேரன் பின் சீட்டில் உட்கார மறுக்கிறான். ரேடியோவும் 90-க்கு மேல் போக மாட்டேன் என்கிறது.
– ஓய்வு பெற்ற குமாஸ்தா, தமுவே, ரங்கூன்

பேய் இல்லை என்று பேரனிடம் சொல்லுங்கள் ஐயா, அது சுங்கச்சாவடி அம்மாள். ஜப்பானில் விரைவுச் சாலைக் கட்டணத்தை வண்டி நிற்காமலே ரேடியோ அலையில் எடுத்துக்கொள்ள இடிசி என்று ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் அட்டை செருக வேண்டும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் 'இடிசி அட்டை செருகப்படவில்லை' என்று அவள் நினைவூட்டுகிறாள். அட்டையைக் கழற்றிக்கொண்டுதானே வண்டியை விற்றிருப்பார்கள், அதனால் கடைசிவரை சொல்லிக்கொண்டேதான் இருப்பாள். நம் ஊரில் அந்தப் பெட்டியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்டீயரிங்குக்குக் கீழேயோ கண்ணாடி மடக்குக்குப் பின்னாலேயோ உள்ளங்கை அளவில் இருக்கும், தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து அதன் வயரைக் கழற்றிவிட்டால் அமைதி.

ரேடியோவும் கெட்டுப் போகவில்லை. ஜப்பானில் எஃப்எம் 76-ல் தொடங்கி 90-ல் முடிவதாக இருந்தது, பிற்பாடுதான் 95 வரை நீட்டினார்கள். மற்ற நாடுகளில் 108 வரை உண்டு. 89-ல் வரும் சிட்டி எஃப்எம் உங்கள் வண்டியில் கேட்கும், 90-ஐத் தாண்டியவை கேட்காது. அலைவரிசையைக் கீழே இறக்கிக் கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை ஆன்டெனா வயரில் மாட்டுவார்கள். அதில் சத்தம் தெளிவாக இருக்கும் என்று நான் உத்தரவாதம் கொடுக்க மாட்டேன், செட்டையே மாற்றிவிடுவது மேல். ஆமாம், இந்த ஒரு இடத்தில் மாற்றச் சொல்கிறேன்.

சிங்கப்பூர் கம்பெனிக்கு மகள் வீடியோவில் நேர்காணல் கொடுத்தாள். அழைப்பில் காட்டிய நேரத்துக்குச் சரியாக உட்கார்ந்தாள், அரை மணி நேரம் தாமதம் என்கிறார்கள். போனில் மணி சரியாகத்தான் இருக்கிறது.
– ஒரு தாய், பெகு

மணி சரி, ஊர் தப்பு. யாராவது உங்கள் போனில் நேர மண்டலத்தை பாங்காக் என்று விட்டுவிட்டு, அரை மணி கூடுதலாகக் காட்டுகிறதே என்று முள்ளை மட்டும் கையால் திருத்தியிருப்பார்கள். சிங்கப்பூரில் காலை 10 மணி என்றால் நமக்கு 8:30, பாங்காக்கில் 9. பாங்காக் என்று நம்பும் போன் அழைப்பில் 9 என்றுதானே காட்டும்? நேரத்தைத் தொடாதீர்கள், செட்டிங்ஸில் மண்டலத்தை யாங்கோன் (நம் ரங்கூன்தான்), கூட்டல் 6:30 என்று வையுங்கள், அதற்குப் பிறகு தானாகவே நேரம் எடுத்துக்கொள்ளட்டும்.

இந்த அரை மணி எங்கிருந்து வந்தது என்று மகள் கேட்டாளாம். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுற்றுகிறது. நம் நேரம் லண்டன் பக்கத்துக் கிரீன்விச்சுக்குக் கிழக்கே 97.5 பாகைக் கோட்டைப் பிடித்துக் கணக்கிட்டது, 15-ஆல் வகுத்தால் ஆறரை வருகிறது. ரங்கூன் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேற்கே 96 பாகைப் பக்கம் இருக்கிறது, அதனால் சூரியனுக்கும் கடிகாரத்துக்கும் பெரிய சண்டை இல்லை. மெட்ராஸ் நமக்கு ஒரு மணி பின்னால் இருப்பதும் அவர்கள் ஐந்தரை, நாம் ஆறரை என்பதால்தான்.

விமான டிக்கெட் வெப்சைட் 'குடும்பப் பெயர் கட்டாயம்' என்று நிற்கிறது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரே இல்லை. அப்பா பெயரைப் போடலாமா?
– வாசகர், தட்டோன்

போடாதீர்கள்! இந்த நாட்டில் பர்மியருக்கும் குடும்பப் பெயர் கிடையாது, நமக்கும் கிடையாது, நாம் இன்ஷியலோடு நிறுத்திக்கொள்கிற ஆட்கள். ஐ.நா. பொதுச்செயலாளராக 1961 முதல் 1971 வரை இருந்த ஊ தாண்டுக்கே பெயர் தாண்ட் மட்டும்தான், ஊ என்பது மரியாதைக்கு. அவர் இன்று அந்த வெப்சைட்டில் டிக்கெட் போட்டிருந்தால் அவரையும் சிவப்புக் கோடு போட்டு நிறுத்தியிருக்கும். படிவம் எழுதியவர் தன் ஊர் வழக்கம்தான் உலக வழக்கம் என்று நினைத்ததால் வந்த வினை இது.

விமான நிலையத்தில் பார்ப்பது டிக்கெட்டும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போகிறதா என்பதைத்தான். பெயரில் இரண்டு மூன்று சொற்கள் இருந்தால் பாஸ்போர்ட்டில் உள்ள அதே வரிசையில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுங்கள். ஒரே சொல் என்றால் விமானத்துக்கு விமானம் வழக்கம் மாறுகிறது. சிலர் அதையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், அமெரிக்க விசாவில் முதல் பெயர் இல்லை என்பதற்கு எஃப்என்யூ என்று மூன்று எழுத்து போடுவார்கள். பணம் கட்டுவதற்கு முன்னால் அந்தக் கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள், கட்டிய பிறகு பெயர் மாற்றுவதற்குத் தனியாகக் காசு பிடுங்குவார்கள். வீட்டில் தமிழ்ப் பெயர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர் என்று இரண்டு வைத்திருக்கும் நம்மவர்கள் பாஸ்போர்ட்டில் உள்ளது எதுவோ அதை மட்டும் எழுதுங்கள்.

64 ஜிபி கார்டு, போனில் போட்டால் 59 என்கிறது. மீதி எங்கே?
– பெயர் போடவில்லை

எங்கும் போகவில்லை. விற்பவர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி 64 என்கிறார், போன் 1,024-ஆல் எண்ணி 59.6 என்கிறது. கவலைப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: 512 என்று சல்லிசாக விற்கும் போலிக் கார்டுகள் திரையில் 512 என்றேதான் காட்டும், உள்ளே உள்ள சின்ன இடம் நிரம்பியதும் புதிய படங்கள் காணாமல் போகும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பார்த்துச் சொல்லிவிடும். பெரிய கார்டு என்றால் நேரம் பிடிக்கும், கரண்ட் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போடுங்கள், அதற்கு முன் கார்டில் இருக்கும் கல்யாணப் படங்களை வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.