இருவர் ஓட்டும் வாடகைக் கார்: சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு

கேள்வி: பொங்கல் முடிந்ததும் என் கல்லூரித் தோழியும் நானும் நான்கு நாள் விடுப்பில் சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கடலோரமாகவே போய்வர எண்ணியிருக்கிறோம். இருவருமே கார் ஓட்டுவோம். தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரைப் பாதி வாடகைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? வேறு எவற்றைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, தாம்பரம்)

பதில்: அந்தப் பாதி வாடகைக் கார் வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளரே ஓட்டிச்செல்லும் வாடகைக் காருக்கு நம்பர் பிளேட் கறுப்பு, எழுத்து மஞ்சள். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து என்றால் அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. அதை இரவல் கொடுத்தால் குற்றமில்லை. வாடகை வாங்கிவிட்டால் அது பெர்மிட் இல்லாத வாடகை வண்டி. சோதனையில் பிடித்து நிறுத்திவிடலாம். அதைவிட எனக்குக் கவலை தருவது காப்பீடு. சொந்தக் கார் பாலிசிகளில், வாடகைக்கு ஓடும்போது பொருந்தாது என்ற நிபந்தனை இருக்கும். சாலையில் ஒருவருக்குக் கால் முறிந்தால் அந்தச் சுமை கடைசியில் உரிமையாளர் தலையிலும் ஓட்டியவர் தலையிலும் வந்து விடியலாம். சில ஆயிரம் ரூபாய் மிச்சத்துக்காக அந்த நிலைக்கு ஆளாகாதீர்கள்.

அடுத்தது, உங்களைப் போல இருவராகப் போகிறவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம். வாடகை நிறுவனத்தில் எடுக்கும் கார் உங்கள் பெயரில். பாதித் தூரம் ஓட்டப்போவது தோழி. ஒப்பந்தத்தில் இரண்டாவது ஓட்டுநராக அவர் பெயரும் உரிம எண்ணும் ஏறாவிட்டால், அவர் கையில் நேரும் சேதத்துக்குப் பாதுகாப்பு இல்லை என்று நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுத்துப் பெயரைச் சேர்த்துவிடுங்கள். இருவரும் பேசித் தீர்க்கவேண்டிய ஒன்றும் இருக்கிறது. காப்பீடு இருந்தாலும், சேதத்தில் ஒரு தொகை வரை வாடகைக்கு எடுத்தவரே ஏற்கவேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். அந்தத் தொகையை யார் ஓட்டும்போது நேர்ந்தாலும் சரிபாதியாகப் பகிர்வதா, ஓட்டியவரே கொடுப்பதா? அடிபட்ட பம்பரின் முன்னால் நின்றுகொண்டு இதைப் பேசினால் நட்பு கசந்துபோகும். புறப்படுவதற்கு முன் பேசிவிடுங்கள். சரிபாதி என்பதே என் பரிந்துரை.

காரை வாங்கும்போது நல்ல வெளிச்சத்தில் சுற்றிவந்து, ஒவ்வொரு கீறலும் ஒடுக்கும் தெரியும்படி காணொளி எடுங்கள். கிலோமீட்டர் அளவும் எரிபொருள் முள்ளும் அதில் பதிவாகட்டும். என்னிடமே ஒருமுறை பழைய கீறலுக்குப் பணம் கேட்டார்கள்; புறப்படும்போது எடுத்த காணொளிதான் காப்பாற்றியது. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, பெர்மிட் நான்கும் வேண்டும். வழியில் புதுச்சேரியும் பின்னர் காரைக்காலும் வருவதால், யூனியன் பிரதேசத்துக்குள் செல்ல அந்த பெர்மிட் பொருந்துமா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

இனி பாதை. நான்கு நாள் போதாது என்பேன். கடலோரமாக ஒருவழித் தூரமே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அதை மூன்று நாளாகப் பிரித்தால்தான் ரசிக்க முடியும். ஐந்தாவது நாளைக் கேட்டு வாங்கி, திரும்பும்போது மதுரை, திருச்சி நெடுஞ்சாலையில் வாருங்கள். பெயர்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை. நெடுந்தூரம் கடல் கண்ணில் படாது. மரக்காணம் உப்பளங்களும், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தின் அலையாத்திக் காடும், 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய தரங்கம்பாடியும் இறங்கி நின்று பார்க்கவேண்டியவை. தரங்கம்பாடியில் கோட்டைக்கு எதிரேயே கடல். என்னைக் கேட்டால் ஒரு மாலைப்பொழுதை முழுவதுமாக அங்கே கழியுங்கள்.

தை மாதம் மழை ஓய்ந்திருக்கும். ஆனால் டெல்டாவில் சம்பா அறுவடை. நெல்லைச் சாலையோரத்தில், சில இடங்களில் பாதிச் சாலை வரை, காயப்போட்டிருப்பார்கள். அதில் டயர் ஏறினால் வழுக்கும். ஒரு குடும்பத்தின் உழைப்பும் நசுங்கும். வேகம் குறைத்து ஒதுங்கிப் போங்கள். நெல்லைக் காக்க ஓரத்தில் வைத்த கற்களும் இருட்டில் தெரியாது. மாடுகளும் பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் அப்படித்தான். பொழுது சாய்வதற்குள் அன்றைய ஓட்டத்தை முடித்துவிடுங்கள்.

புதுச்சேரியிலோ காரைக்காலிலோ மது வாங்கித் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பிடிபட்டால் காரையே பறிமுதல் செய்வார்கள், அதுவும் அடுத்தவர் காரை.

ராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பகலிலேயே போய்த் திரும்புங்கள். இருட்டும் நேரத்தில் உள்ளே விடமாட்டார்கள். எரிபொருளை ராமேசுவரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கே காற்று மணலை வாரித் தார்ச் சாலையில் போடும். திடீரென பிரேக் பிடித்தால் சறுக்கும். படம் எடுப்பதற்காகச் சாலையை விட்டு மணலில் இறக்காதீர்கள். தவறிப்போய்ப் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழமாகத்தான் இறங்கும். நிறுத்தி, முன்சக்கரங்களைச் சுற்றியுள்ள மணலைக் கையால் வாரி, டயரில் கொஞ்சம் காற்றை இறக்கி, கால்மிதியைச் சக்கரத்தடியில் செருகி, மெதுவாக வெளியே எடுங்கள். பிறகு ராமேசுவரம் வரை நிதானமாக ஓட்டிவந்து காற்றை நிரப்புங்கள். அலை தொடும் இடத்துக்குக் காரைக் கொண்டுபோகவே கூடாது. உப்புநீர் எஞ்சினுக்குள் போனால் அந்தச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை.

ஒப்படைப்பதற்கு முன் காரின் அடிப்பகுதியையும் சேர்த்து நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கால்மிதியில் இருக்கும் மணலுக்கும் சுத்தம் செய்யும் கட்டணம் என்று பிடித்துக்கொள்வார்கள். திருப்பிக் கொடுக்கும் இடத்தில் மறுபடியும் சுற்றிவந்து ஒரு காணொளி எடுங்கள். வைப்புத்தொகை கணக்கில் வந்து சேரும்வரை இரண்டு காணொளிகளையும் அழிக்க வேண்டாம்.