மூன்றா, ஏழா? (கடிதமும் பதிலும்)

அன்பின் அக்கா,

கோயில் திருவிழாக்களில் படமெடுப்பது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்திருக்கிறேன். அந்தத் துணிவில்தான் இதைக் கேட்கிறேன். கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் மகன் அடுத்த மாதம் கொழும்புக்கு வருகிறார். அவரிடம் சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 3 என்ற சின்னக் கமெரா இருக்கிறது, 2014இல் வந்தது. சின்னக் காசுக்கு எனக்கே தருகிறேன் என்கிறார். இல்லை, காசு அனுப்பினால் மார்க் 7ஐப் புதிதாகவே வாங்கி வருவாராம். நான் படமெடுப்பது பெரும்பாலும் வேலை முடிந்து வருகிற பொழுதில்தான்: புறக்கோட்டைத் தெருக்கள், காலிமுகத்திடல், ஆடிவேல் தேர்த்திருவிழா, அப்புறம் வீட்டில் இரண்டு வயது மகள். வீடியோ அவ்வளவாக எடுப்பதில்லை. "பத்து வருடம் தாண்டின சாமானுக்குக் காசு கொடுக்கிறாயா, அதற்கு உன் போனே போதும்" என்று அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். ஏழை வாங்குவதென்றால் சீட்டு எடுக்கவேண்டி வரும். என்ன செய்யட்டும்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

மூன்றை வாங்குங்கள். சீட்டுக்காசு சீட்டிலேயே கிடக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன். ஏழு எங்கெல்லாம் உண்மையிலேயே மேல் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாம் வாசித்த பிறகும் மனம் ஏழிலேயே நின்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை, காசு உங்களுடையது.

நீங்கள் புதுசு என்று சொல்கிற கமெரா 2019இல் வந்தது. அதற்கும் வயதாகிவிட்டது. இரண்டுக்கும் இடையில் ஐந்து வருடம்தான். அந்த ஐந்து வருடத்தில் சென்சர், அதாவது உள்ளே படத்தைப் பதிகிற துண்டு, ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை, இரண்டிலும் 13.2க்கு 8.8 மில்லிமீற்றர். மெகாபிக்சலும் இரண்டிலும் 20தான். பற்றரி அதே என்பி-பிஎக்ஸ்1. சார்ஜ் ஏற்றுகிற இடத்தில்கூட அதே பழைய மைக்ரோ யூஎஸ்பி. போனுக்குப் புது வயர் வந்து எவ்வளவு காலமாகிவிட்டது, ஏழுக்கு மட்டும் பழைய வயரைத் தேடித் திரிய வேண்டும். சரி, அதை விடுவோம். மாறியவை இரண்டு: லென்ஸும், உள்ளே வேலை நடக்கிற வேகமும். ஆகவே வருடத்தை மறந்துவிட்டு லென்ஸைப் பார்ப்போம்.

மூன்றின் லென்ஸ் 24இல் தொடங்கி 70 மில்லிமீற்றர் வரை போகும். இந்த எண் சின்னது என்றால் அகலக் காட்சி, பெரிது என்றால் தூரத்தில் இருப்பது கிட்ட வரும். வெளிச்சம் உள்ளே போகிற துவாரம் எஃப் 1.8 முதல் 2.8 வரை. ஏழினுடையது 24இலிருந்து 200 வரை, எஃப் 2.8 முதல் 4.5 வரை. சட்டைப்பைக்குள் போடுகிற அளவில் இவ்வளவு நீண்ட ஸூமை அடக்கவேண்டும் என்றால் எதையாவது கொடுத்துத்தான் ஆகவேண்டும். சோனி கொடுத்தது வெளிச்சத்தை.

எவ்வளவு வெளிச்சம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். எஃப் எண்ணைப் பொறுத்தவரை சின்ன எண் என்றால் பெரிய துவாரம். இரண்டு எண்களையும் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் வித்தியாசம் தெரிந்துவிடும். 2.8ஐ 1.8ஆல் வகுத்தால் 1.55 சொச்சம், அதன் வர்க்கம் ஏறக்குறைய 2.4. அதாவது 24 மில்லிமீற்றரில் நின்று எடுக்கும்போது பழைய கமெராவுக்குள் புதிய கமெராவைப்போல 2.4 மடங்கு வெளிச்சம் போகிறது.

இதை ஆடிவேலுக்குக் கொண்டுபோவோம். செட்டியார் தெருவில் புறப்பட்ட தேர் காலி வீதியால் பம்பலப்பிட்டிப் பக்கம் வருகிறது, இருட்டிவிட்டது. தேரில் கட்டிய பல்புகளின் வெளிச்சம் ஒரு பக்கம், தெருவிளக்கின் மஞ்சள் மறுபக்கம், நடுவில் தேங்காய் உடைக்கக் கை ஓங்கி நிற்கும் ஒருவர். நடக்கிற கூட்டத்தில் முகம் கலங்காமல் விழ, வெளிச்சத்துக்குத் திறந்து மூடுகிற ஷட்டர் 125இல் ஒரு பங்கு வினாடிக்கு மேல் திறந்திருக்கக்கூடாது. மூன்றில் எஃப் 1.8ஐ வைத்துவிட்டு ஐஎஸ்ஓ 1600இல் அதை எடுக்கலாம் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ என்பது குறைந்த வெளிச்சத்தைக் கமெரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற எண், அது ஏற ஏறப் படம் கெடும். அதே இடத்தில், அதே கணத்தில், ஏழு 4000ஐ ஒட்டிப் போகவேண்டும். சேலையின் சரிகையும் வியர்வை மினுங்கும் நெற்றியும் 1600இல் இருப்பதுபோல் 4000இல் இராது, மாவுபோலக் குழைந்துவிடும். ஐஎஸ்ஓவைக் கூட்டமாட்டேன் என்றால் ஷட்டரை 50இல் ஒரு பங்குக்கு இறக்கவேண்டும். அப்போது ஓங்கிய கை புகைபோல ஆகிவிடும். ஸூம் பண்ணினாலும் கதை மாறாது. 70இல் மூன்று 2.8இல் நிற்கும், ஏழு அங்கே 4க்கு வந்திருக்கும். அங்கும் பாதி வெளிச்சம்.

"ஆனால் அக்கா, புதிய சென்சர் இருட்டில் நன்றாக எடுக்காதா?" என்று கேட்பீர்கள். ஏழின் சென்சர் அபாரமான சாமான்தான். ஆனால் அதன் கெட்டித்தனம் முக்கியமாக வேகத்தில்: படத்தை வாசிக்கிற வேகம், ஓடுகிற கண்ணைத் துரத்திப் பிடிக்கிற வேகம். ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. ஏறக்குறைய ஒன்றேகால் ஸ்டொப் அளவுக்கு லென்ஸ் தராமல் விட்ட வெளிச்சத்தை அது எங்கிருந்தும் கொண்டுவராது.

புதியது என்றால் எல்லா எண்ணும் ஏறியிருக்கவேண்டும் என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் உண்டு. கனன் கம்பனி 2008இல் ஜி10 என்ற கமெராவை 14.7 மெகாபிக்சலில் விட்டது. அடுத்த வருடம் ஜி11 வந்தபோது அதே அளவுச் சென்சரில் 10 மெகாபிக்சல்தான். சனம் விழித்தது. இருட்டில் படம் நன்றாக வரவேண்டும் என்றுதான் வேண்டுமென்றே குறைத்தார்கள். அப்போது ஜி10ஐ விடாமல் வைத்திருந்தவர்களும் உண்டு, பகல் வெளிச்சத்தில் நிலக்காட்சி எடுப்பவர்கள். அவர்களும் தங்கள் பக்கத்தில் சரிதான். எதை, எந்த நேரத்தில் எடுக்கிறீர்கள் என்று தெரியாமல் எது நல்ல கமெரா என்று யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் கடிதத்தில் அதை எழுதியிருந்தபடியால்தான் என்னால் முதல் வரியிலேயே பதில் சொல்ல முடிந்தது.

இனி ஏழின் பக்கம்.

மகள். இரண்டு வயதுப் பிள்ளை ஓரிடத்தில் நிற்காது. மூன்றின் ஃபோகஸ் பழைய முறை. முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்து எது தெளிவு என்று தேடிப் பிடிக்கும். மங்கிய அறையில் அது தடவும், நீங்கள் பொறுமை இழப்பீர்கள். ஏழு பிள்ளையின் கண்ணைப் பிடித்தால் விடாது. இந்த இடத்தில் ஏழு மேல், சந்தேகமே வேண்டாம். ஆனால் இரவில் ஹோலில் ஒரு பல்பு எரியும்போது கண்ணைப் பிடித்தும் வெளிச்சம் காணாவிட்டால், ஃபோகஸ் சரியாக இருக்கிற கலங்கின படம்தான் மிஞ்சும். காலையில் பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு, பிள்ளை அந்த வெளிச்சத்துக்கு வரும்வரை கமெராவைத் தயாராக வைத்துக்கொண்டிருங்கள். மூன்றுக்கு அது போதும்.

வீடியோ எடுப்பவர் என்றால் பேச்சே இல்லை, ஏழுதான். 4கே என்ற கூடிய தெளிவு வீடியோ அதில் உண்டு, மைக் குத்த இடம் உண்டு. மூன்றில் இரண்டும் இல்லை. நீங்கள் எடுப்பதில்லை என்கிறீர்கள், நம்புகிறேன்.

பிறகு மேடை. சரஸ்வதி மண்டபத்தில் பின்வரிசையில் இருந்து 70 மில்லிமீற்றரில் ஓர் அரங்கேற்றத்தை எடுத்தால் ஆடுகிற பிள்ளை விரல் அளவில்தான் இருப்பாள், மேலே திரைச்சீலையும் கீழே முன்வரிசைத் தலைகளும் நிறைய விழும். அங்கே 200 வேண்டும். மேடை விளக்கு பலமாக இருப்பதால் எஃப் 4.5 ஒரு குறையாகவும் தெரியாது. உங்கள் மகள் சலங்கை கட்டுவதற்கு இன்னும் பல வருடம் கிடக்கிறது. அப்போது சந்தையில் என்ன இருக்குமோ, அப்போது பார்ப்போம்.

போன் பற்றி அலுவலகத்தில் சொன்னது முழுப் பிழையல்ல. பகலில், அகலக் காட்சியில், போனும் இந்தக் கமெராக்களும் எடுத்த படங்களைப் போனிலேயே பார்த்தால் வித்தியாசம் பிடிப்பது கஷ்டம். இரவில் போன் பல படங்களை அடுக்கி ஒன்றாக்குகிறது, அசையாத கோபுரத்துக்கு அது அழகாக வேலை செய்யும். ஆடுகிற காவடிக்குச் செய்யாது. அப்புறம் மூன்றில் கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன வியூஃபைண்டர் மேலே எழும்பும். காலிமுகத்திடலில் மாலை வெயில் திரையில் அடிக்கும்போது அதன் அருமை தெரியும். ஏழிலும் உண்டு.

காசுக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் வெளிவந்தபோது மூன்று 800 டொலரை ஒட்டியது, ஏழு 1200. 1200 டொலர் 2019இல் இங்கே இரண்டு லட்சம் ரூபாயைக் கொஞ்சம் தாண்டியிருக்கும். டொலர் 300ஐச் சுற்றி நிற்கிற காலத்தில் மூன்றரை லட்சத்துக்கு மேல். அதே கமெராதான், இறங்கினது எங்கள் ரூபா.

இப்போது உங்களுக்கு நான் சொல்லவேண்டிய பெரிய விஷயம். மூன்று நல்ல கமெரா என்பது ஒன்று. உங்கள் அண்ணனிடம் இருக்கிற அந்த ஒரு மூன்று நல்ல நிலையில் இருக்கிறதா என்பது வேறு. பழசு வாங்குகிறவன் பேரைப் பார்த்து வாங்கக்கூடாது, பொருளைப் பார்த்து வாங்கவேண்டும்.

அவர் விமானம் ஏறுவதற்கு முதலே இதைச் செய்து அனுப்பச் சொல்லுங்கள். கமெராவை, துவாரத்தை நாமே வைக்கிற ஏ முறையில் போட்டு, துவாரத்தை எஃப் 11க்குக் குறுக்கி, ஒரு வெள்ளைச் சுவரையோ மேகம் மூடிய வானத்தையோ எடுக்கவேண்டும். 24இல் ஒன்று, 70இல் ஒன்று. ஃபோகஸ் இல்லாமல் கலங்கியிருந்தால் இன்னும் நல்லது. அந்தப் படங்களை வட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பாமல் முழு அளவில் அனுப்பச் சொல்லுங்கள். கணினியில் பெருப்பித்து மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வட்டப் பொட்டுகள் தெரிந்தால் சென்சரில் தூசி. லென்ஸ் கழற்றுகிற கமெரா என்றால் ஊதித் துடைத்துவிடலாம். இதில் லென்ஸ் கழலாது, கமெராவையே பிரிக்கவேண்டும். ஒன்றிரண்டு பொட்டு, அதுவும் எஃப் 11இல் மட்டும் என்றால் கவலைப்படாதீர்கள், நீங்கள் எஃப் 11இல் எடுக்கப்போவதில்லை. எஃப் 4இலேயே தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, லென்ஸை வெளியே நீட்டவிட்டு, போன் டோர்ச்சைச் சரிவாக அடித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். சிலந்தி வலை இழைபோல் ஏதாவது ஓடினால் அது பூஞ்சணம். கனடாவின் உலர்ந்த வீட்டில் கிடந்த கமெராவுக்கு அது பிடித்திருக்க வாய்ப்புக் குறைவு. இங்கே அலுமாரியில் பத்து வருடம் கிடந்தது என்றால் நான் இவ்வளவு தைரியமாக மூன்றை வாங்குங்கள் என்று எழுதியிருக்கமாட்டேன். பிறகு ஸூமை மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டி, சத்தம் சீராக இருக்கிறதா என்று கேட்கவேண்டும். இடையில் நறநறத்தால், அல்லது தயங்கி நின்றால், உள்ளே மணல் போயிருக்கிறது. இந்த வகைக் கமெராக்களில் முதலில் போவது லென்ஸ்தான். போனால் அந்தப் பகுதி முழுவதையும் மாற்றவேண்டும், அந்தச் செலவுக்கு இன்னொரு பழைய கமெரா வாங்கிவிடலாம். வியூஃபைண்டரை எழுப்பி, கண் வைக்கிற துண்டைப் பின்னால் இழுத்தும் பார்க்கட்டும். மூன்றில் அதைக் கையால்தான் இழுக்கவேண்டும், அடிக்கடி இழுத்து இழுத்துச் சிலதில் தளர்ந்துபோயிருக்கும். பற்றரி ஊதியிருந்தால் தூக்கி எறியச் சொல்லுங்கள். புதிது எப்படியும் இரண்டு வாங்கவேண்டும். ஒரு சார்ஜில் 320 படம் என்று கம்பனி சொல்கிறது, திருவிழாவில் அது ஒரு மாலைக்குக் காணாது. ஏழுக்கு 260தான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்கு வந்த பிறகு அதைக் காப்பாற்றுவது உங்கள் பொறுப்பு. கொழும்பின் ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேல்தான். வெள்ளவத்தையில் கடலுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறீர்கள் என்று தெரியாது, மரைன் டிரைவ் பக்கம் என்றால் உப்பும் சேரும். கமெராவைத் தோலுறைக்குள் போட்டு அலுமாரிக்குள் பூட்டுவது பூஞ்சணத்துக்குப் பாய் விரிப்பது மாதிரி. இறுக்கி மூடுகிற பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான். அரிசிக்குள் வைக்கச் சொல்லி யாராவது சொன்னால் கேட்கவேண்டாம், அரிசித் தூள் லென்ஸ் இடுக்கில் போகும். காலிமுகத்திடலில் காற்றடிக்கிற நாளில் எடுத்துவிட்டு வந்தால் மெல்லிய ஈரத்துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடையுங்கள். மூன்றும் சரி, ஏழும் சரி, நீரும் தூசியும் புகாமல் அடைத்துச் செய்த கமெராக்கள் அல்ல.

ஒருவேளை அந்தச் சோதனையில் அண்ணனின் கமெரா தேறாவிட்டால், உடனே ஏழுக்குத் தாவாதீர்கள். வேறு நல்ல மூன்று ஒன்றை அங்கேயே தேடித் தரச் சொல்லுங்கள். ஜப்பான் சந்தைக்கு விட்ட சோனிகளை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் இருக்கும், மாற்ற முடியாது. இப்போது இளம் பிள்ளைகள் பழைய சின்னக் கமெராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள், அதனால் விலை முன்போல அடிமட்டத்தில் இல்லை. பேரம் பேசத்தான் வேண்டும்.

வரும்போது கமெராவைக் கைப்பையில் வைத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். மேலதிக லித்தியம் பற்றரிகளைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்ப விமானத்தில் விடமாட்டார்கள், அவையும் கையோடுதான் வரவேண்டும். சார்ஜ் வயரை மறக்கவேண்டாம் என்றும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

அன்புடன்,
அக்கா