ஸ்டாப் பட்டனை ஏன் 'என்.சி.'யாக இணைக்கிறார்கள்?

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பவர்கள் மோட்டார் ஸ்டார்ட்டர் வயரிங்கில் குழம்பும் இடம் இது. ஸ்டார்ட் பட்டன் அமுக்கினால் இணைகிறது. ஸ்டாப் பட்டன் மட்டும் சும்மா இருக்கும்போது இணைந்திருக்கிறது, அமுக்கினால் பிரிகிறது. ஏன்?

என்.சி., அதாவது நார்மலி குளோஸ்டு என்றால், யாரும் தொடாதபோது மின்சாரத்தை விடும் இணைப்பு. மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் காந்த சுவிட்சுதான் கான்டாக்டர். அதன் காயிலுக்குப் போகும் மின்சாரம் இதன் வழியாகவே போகிறது. எலி வயரைக் கடித்து அறுத்தாலும், அதிர்வில் ஸ்க்ரூ தளர்ந்து வயர் கழன்றாலும் காயில் பிடியை விட்டுவிடும், மோட்டார் நின்றுவிடும். தலைகீழாக இணைத்திருந்தால் வயர் அறுந்தது யாருக்கும் தெரியாது. ஒருவர் சட்டை பெல்ட்டில் மாட்டி, பதறிப்போய் பட்டனை அமுக்கும்போதுதான் தெரியும்.

இரவில் விசில் ஊதிப்போகும் கூர்க்காவை நினைத்துக்கொள்ளுங்கள். சத்தம் வரும்வரை சரி. வராவிட்டால் என்னவோ ஏதோ என்று எழுந்து பார்ப்போம்.

மெஷினை புரோகிராம் மூலம் இயக்கும் சிறு கம்ப்யூட்டரான பி.எல்.சி.க்கு வந்தால் இன்னொரு குழப்பம். பட்டன் என்.சி. என்பதால் அந்த இன்புட்டில் 24 வோல்ட் எப்போதும் இருக்கும். ஆகவே ஏணிப் படம் போல வரையும் லேடர் புரோகிராமில், இன்புட்டில் வோல்ட் இருக்கும்போது வழிவிடும் திறந்த கான்டாக்ட் குறியைத்தான் போட வேண்டும். மூடிய குறியைப் போட்டுவிட்டு, மோட்டார் ஓடவில்லையே என்று முழிக்காதவர் குறைவு.

அப்புறம், ஸ்டாப் அமுக்கினால் பேனலில் கரண்ட் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கான்டாக்டரின் மேல் முனைகளில் 415 வோல்ட் அப்படியேதான் இருக்கும், மெயினை அணைத்துப் பூட்டி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வையுங்கள்.