ஒரு வரித் திருத்தத்தை அனுப்பலாமா?

கேள்வி: யாரும் திருத்தம் அனுப்பக்கூடிய வகையில் திறமூலமாகக் கிடைக்கும், பைத்தான் என்ற நிரல்மொழிப் பாடம் ஒன்றைப் படித்து வருகிறேன். ரேஞ்ச்(1, 5) என்று எழுதினால் 1 முதல் 5 வரை எண்கள் கிடைக்கும் என்கிறது பாடம். இயக்கிப் பார்த்தால் 4 வரைதான் வருகிறது. இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கும் நான் இதைத் திருத்தி அனுப்பலாமா? இவ்வளவு சிறிய பிழைக்காகப் பராமரிப்பாளர்களைத் தொந்தரவு செய்வது சரியா?

பதில்: தாராளமாக அனுப்புங்கள். மேல் எல்லையை ரேஞ்ச் சேர்த்துக்கொள்ளாது என்பது பழகியவர்களுக்குக் கைவந்த விஷயம் என்பதால், அவர்கள் கண் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறது. அதை நம்பி இயக்கிப் பார்ப்பவர் உங்களைப் போன்ற புதியவர்தான். பிழை பாடத்தில் இருக்கிறதா தன்னிடம் இருக்கிறதா என்று தெரியாமல் அதே இடத்தில் படிப்பையே நிறுத்திவிடுபவர்களும் உண்டு என்பதால், இதைச் சிறிய பிழை என்று நான் கருதவில்லை. ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்பிக்க 1998இல் தொடங்கிய சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி என்ற திட்டத்தின் பாடங்களும் இப்படிப் பலர் அனுப்பிய திருத்தங்களால் செம்மைப்பட்டவையே.

திருத்துவதற்கு முன், பாடம் எதைச் சொல்ல வந்தது என்று பாருங்கள். அடுத்துவரும் பயிற்சியில் அந்த எண்களின் கூட்டுத்தொகை 15 என்று இருந்தால், கட்டளையைத்தான் ரேஞ்ச்(1, 6) என மாற்ற வேண்டும். 10 என்று இருந்தால் கட்டளை சரி, விளக்க வாக்கியம்தான் தவறு. இரண்டில் எது என்று முடிவுசெய்ய இயலாவிட்டால், திருத்தம் அனுப்பாமல் இஷ்யூ எனப்படும் பிழைக் குறிப்பு ஒன்றைப் பதிவு செய்து கேளுங்கள், அதுவும் பங்களிப்புதான்.

நிரல்களையும் பாடங்களையும் பகிர்ந்து திருத்த உதவும் கிட்ஹப் தளத்தில் பாடம் இருந்தால், வேறொருவர் ஏற்கெனவே இதைச் சுட்டிக்காட்டியிருக்கிறாரா என்று தேடிவிட்டு, மூலக்கோப்பின் மேலுள்ள பென்சில் குறியைச் சொடுக்குங்கள். ஃபோர்க் எனப்படும் உங்கள் சொந்தப் பிரதியில்தான் மாற்றம் பதிவாகும். அதை மூலப்பாடத்தில் சேர்க்கக் கோரி நீங்கள் அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டைப் பராமரிப்பாளர் ஏற்கும்வரை மூலப்பாடம் மாறாது என்பதால் எதையாவது கெடுத்துவிடுவோமோ என்ற அச்சம் வேண்டாம். பாடம் சொல்வது என்ன, பைத்தானின் எந்தப் பதிப்பில் இயக்கினீர்கள், கிடைத்த வெளியீடு என்ன என்று விளக்கத்தில் இரண்டு மூன்று வரிகளில் எழுதுங்கள். போகிற போக்கில் மற்றப் பத்திகளின் நடையையும் சீர்செய்யத் தோன்றும், அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே விஷயம் கொண்ட திருத்தத்தை, ஓய்வு நேரத்தில் இப்பணியைச் செய்யும் பராமரிப்பாளர் ஓரிரு நிமிடங்களில் சரிபார்த்துவிட முடியும். அவர் ஏதேனும் மாற்றம் கேட்டால் புதிய புல் ரிக்வெஸ்ட் தேவையில்லை. உங்கள் பிரதியில் முதல் மாற்றம் பதிவான அதே கிளையில் திருத்தினால் முன்பு அனுப்பியதிலேயே சேர்ந்துவிடும்.