ஏஐ படங்கள் புதிய அழகியலை உருவாக்குகின்றனவா?

ஏஐ வரையும் படங்களில் புதிய அழகியல் பிறக்கிறதா, பழையதைக் கலந்துதான் தருகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆரம்பத்தில் பிறந்தது, இப்போது பெரும்பாலும் இல்லை என்பேன்.

2015இல் கூகுள் வெளியிட்ட, படங்களை மாற்றிக் காட்டும் டீப்ட்ரீம் நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். மேகப் படம் ஒன்றைக் கொடுத்தால் மேகத்தின் மடிப்புகளில் நாய்க் கண்கள் முளைக்கும். உற்றுப் பார்த்தால் கண்ணோரத்தில் ஒரு மூக்கு, அதற்குள் இன்னொரு கண். இப்படிப்பட்ட மாடல்கள் பயின்ற இமேஜ்நெட் என்ற படத்தொகுப்பின் 1,000 வகைகளில் நூற்றுக்கும் மேற்பட்டவை நாய் இனங்கள். அதனால், தெரிந்ததையே எங்கும் கண்டது இயந்திரம். எந்த ஓவியரின் பாணியையும் அது கேட்டு வாங்கவில்லை. அதன் பார்வையே வெளியே கொட்டியது. அதைத்தான் நான் புதிய அழகியல் என்பேன். 2018இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 4,32,500 டாலருக்குப் போன, ஏஐ உருவாக்கிய எட்மண்ட் டி பெலாமி உருவப்படத்திலும், கலங்கிப்போன அந்த முகம்தான் என்னை நிறுத்தி வைத்தது.

அப்புறம் டிஃப்யூஷன் மாடல்கள் வந்தன. அர்த்தமில்லாத வெறும் புள்ளிக் கூட்டத்தில் தொடங்கி, முழுப் படமும் ஒன்றாகவே தெளிந்து வரும். முதல் கோடு கிடையாது, தயங்கி அழித்த இடமும் கிடையாது. சரி, செய்முறை புதிதுதான். ஆனால் பலருக்கும் பிடித்த படங்களை நோக்கியே இவற்றைப் பழக்குவதால் மெழுகு பூசிய தோல், பொன்மாலை வெளிச்சம் என எல்லாமே ஒரே சாயலாகிவிடுகின்றன. 2025 மார்ச்சில் குடும்பப் போட்டோக்களெல்லாம் ஜிப்லி என்ற அனிமேஷன் ஸ்டுடியோவின் பாணிக்கு மாறினவே, அந்த அழகு ஜப்பானில் பல பத்தாண்டுகள் கையால் வரைந்தவர்களுடையது.

ஆறு விரல் முளைத்த பழைய ஏஐ படங்களை நான் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.