ஓவனில் வைக்கும் பன்றி டெண்டர்லொயின் ஏன் காய்ந்துபோகிறது? நடுவில் இளஞ்சிவப்பாக இருந்தால் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். துண்டின் நடுவில் 63 பாகை செல்சியஸ் வந்து, வெளியே எடுத்து மூன்று நிமிடமாவது ஆறவிட்டிருந்தால் நிறத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அமெரிக்க விவசாயத் திணைக்களம் முன்பு 71 பாகை என்றுதான் சொல்லிவந்தது. முழுத்துண்டுகளுக்கு மட்டும் 2011இல் அதை 63க்கு இறக்கியது. அரைத்த இறைச்சிக்கு இன்றும் 71தான்.

காய்வதற்குக் காரணம் எங்கள் கறிக் கை. கொழும்பில் பன்றி என்றால் கொறக்காய் போட்டு, வறுத்த தூளோடு கறுத்து வற்றும்வரை அடுப்பில் கிடக்கவேண்டும். கொழுப்பும் சவ்வும் உள்ள தோள், வயிற்றுப் பகுதிகளுக்கு அது சரி, வேக வேகச் சவ்வு இளகும். டெண்டர்லொயின் முதுகெலும்பின் உட்பக்கம் கிடக்கும், அதிகம் வேலை செய்யாத தசை. அதில் இளகுவதற்கு எதுவும் பெரிதாக இல்லை. கூட வேகவிட்டால் சாறுதான் போகும்.

வாங்கும்போதே கவனியுங்கள், லொயின் வேறு, டெண்டர்லொயின் வேறு. நமக்கு வேண்டியது மெலிந்து நீண்டு, ஒரு பக்கம் கூராகி, ஏறக்குறைய அரைக் கிலோ வரும். தடித்த லொயினுக்குக் கீழே சொல்லும் நேரம் பொருந்தாது.

மேலே வெள்ளையாக மினுங்கும் சவ்வைக் கத்தியால் சீவி எடுங்கள், விட்டால் சூட்டில் சுருங்கித் துண்டை வளைக்கும். கூர் நுனியை உள்ளே மடித்து நூலால் கட்டினால் எல்லா இடமும் ஒரே தடிப்பாக இருக்கும். உப்பு, இடித்த மிளகு, நசுக்கிய உள்ளி, கொஞ்சம் எண்ணெய் போதும். உள்ளி கருகும் என்பதால், இறைச்சியைத் தாச்சியில் பொரித்த பிறகுதான் உள்ளியைப் பூசுவேன். ஊறவைக்கிறேன் என்று இந்தக் கொழும்பு வெக்கையில் மேசைமேல் மறந்துவிடாதீர்கள், குளிர்சாதனப் பெட்டிக்குள்ளேயே ஊறட்டும்.

நன்றாகக் காய்ந்த தாச்சியில் சுற்றிலும் பொன்னிறமாக்கி, முன்கூட்டியே 200 பாகைக்குச் சூடாக்கிய ஓவனில் வையுங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 180. பதினைந்து நிமிடம் அளவில் பார்க்கத் தொடங்குங்கள். மேசையில் வைக்கும் சின்ன ஓவன்களின் குமிழ் காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை, ஆகவே இறைச்சியில் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், ஓவனைவிட அதுதான் முக்கியம். தடித்த இடத்தின் நடுவில் குத்தி 60 காட்டியதும் வெளியே எடுத்து, அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். உள்ளே இருக்கும் சூடு மீதி மூன்று பாகையை ஏற்றிவிடும். 63 வந்ததா என்று திரும்பக் குத்திப் பாருங்கள். வராவிட்டால் இன்னும் இரண்டு நிமிடம் ஓவனில் வைக்கலாம். வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் 71 வரையே விடுங்கள், கொஞ்சம் காய்ந்தாலும் பரவாயில்லை.

பத்து நிமிடம் கழித்து நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். தாச்சியில் ஒட்டியதில் ஒரு கரண்டி தென்னங்கள்ளு வினாகிரியும் பட்டரும் விட்டுச் சுரண்டினால் குழம்பு தயார். பாணோடு நல்லது, சோற்றுக்கு இது காணாது.